ஆடும் காலும் அசையாப் படமும்

கூத்துப் பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் மறுநாள் அக்கூத்தின் நிழற்படம் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். “இவர் மன்மதன், இவர் ரதி, பின்னாலே தப்போடு நிற்பவர் எங்கள் சித்தப்பா” என்று ஆளை அடையாளங் காட்டுவார். ஆட்டம் எங்கே என்று கேட்டால் விழிப்பார். ஆளைப் பிடிப்பது கமராவுக்கு எளிது. ஆட்டத்தைப் பிடிப்பது அரிது. ஆட்டம் என்பது ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்லும் வழியில் நிகழ்கின்றது. கமராவோ வழியை விட்டுவிட்டு நிலையை மாத்திரம் எடுத்துத் தருகின்றது. இந்தப் பிணக்கைத் தீர்ப்பதற்குச் சென்ற ஒன்றரை நூற்றாண்டாக நிழற்படக்காரர் பட்ட பாட்டைச் சிறிது கூறுவதே என் நோக்கம். இது கொழும்புக் கனவான்களின் பொழுதுபோக்கன்றோ, உடப்புசல்லாவையில் வெளிவரும் மலரில் இதற்கென்ன இடம் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். இந்த வரலாற்றின் முக்கியமான சில கட்டங்கள் நமது மலைநாட்டோடும் நமது தேயிலையோடும் பின்னிக் கிடக்கின்றன. நமது கூத்து மாத்திரம் அதனுள் இடம் பெறவில்லை. ஆதலின் இங்கே சொல்வதே பொருத்தம் என்று துணிந்தேன்.

பொகவந்தலாவையில் பரிசுத்த மரியாள் ஆலயத்தின் மயானத்தில் ஓர் ஆங்கில மாதின் கல்லறை உண்டு. அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமெரன். கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின் முதலியோரைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றவர். கணவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875 ஆம் ஆண்டு இருவரும் இலங்கைக்கு வந்தனர். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியிலே அம்மாது காலமானார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை 30க்கும் உட்பட்ட படங்களே. அவற்றுள் தோட்டத்தில் வேலை செய்தோரின் முகங்களும் உண்டு.

அக்காலத்தில் படம் எடுப்பது இலேசான காரியமன்று. கண்ணாடித் தட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலரும் முன் கமராவினுள் வைத்து எடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டோடிக் கழுவவேண்டும். எதிரே இருப்பவர் பல விநாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். அசைந்தால் முகம் கலங்கும். கமெரன் அம்மையாரின் படங்கள் பல அவ்வாறு கலங்கியவையே. இங்கிலாந்தில் அக்காலத்து நிழற்பட விமரிசகர் அதைப் பெருங் குறையாகச் சொன்னார்கள். அவரோ அதைப் பொருட்படுத்தவில்லை. கலங்கலிலும் ஓர் உயிர் உண்டென்று கருதிக் கடைசிவரை அப்படியே எடுத்து வந்தார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றேன், பின்னர் வேண்டியிருக்கும்.

பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டிய கமராவின் முன் யார்தான் ஆட முடியும்? கண்டியில் ஸ்கோவன், கொழும்பில் ஸ்கீன், 1890 முதல் பிளாற்றே என்று நிலையங்கள் பல தோன்றின. ஆட்டக்காரரை வேடத்தோடு வரவழைத்து வரிசையாக நிறுத்தி எடுத்தனர். முகமூடியும் சலங்கையும் மத்தளமும் அப்படங்களிலே தெளிவாகத் தெரியும். ஆட்டம் மாத்திரம் தெரியாது. கீழே “பிசாசாட்டக்காரர்” என்று ஒரு தலைப்பு. ஆடியவர் யார், எந்த ஊரார் என்பது இராது. பிற்காலத்தில் இவை தபால் அட்டைகளாகிக் கப்பற் பிரயாணிகளுக்கு விற்கப்பட்டன. அதே வரிசையில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் அட்டையும் விற்றது. அவருக்கும் பெயரில்லை, “கொழுந்து பறிப்பவள்” என்பதே பெயர். தேயிலைப் பெட்டியின் மேலே இன்றுவரை சிரிக்கின்றவர் அவர் வழிவந்தவரே.

கமராவின் வேகம் கூடியதும் நிலைமை மாறிற்று. 1878 ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே மைபிரிட்ஜ் என்பவர் 12 கமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே சமயத்தில் நிலத்தைவிட்டு எழுவதைக் காட்டினார். 1887 இல் அவர் வெளியிட்ட 781 படத் தட்டுகளுள் ஆடும் பெண்களும் உளர். விஞ்ஞானத்துக்கு இவை பெருந்தொண்டு செய்தன. ஆட்டத்துக்குச் செய்தனவா என்றால், எனக்கு ஐயமே. துணியை இழை இழையாகப் பிரித்து வைத்தால் நெய்த விதம் விளங்கும். ஆனால் உடுத்த முடியாது.

இனி நாம் வழிபடும் ஆடல் ஒன்றைக் காண்போம். பிரெஞ்சுச் சிற்பி ரொடான் 1906 ஆம் ஆண்டு பாரிசுக்கு வந்த கம்போடிய அரசவை நடனமாதரைக் கண்டு மயங்கி, அவர்களைத் தொடர்ந்து மார்செய்த் துறைமுகம் வரை சென்று ஓவியம் தீட்டியவர். சில ஆண்டுகளின் பின் விக்டர் கொலூபியூ என்னும் ருஷ்ய அறிஞர், சென்னை நூதனசாலையிலுள்ள நடராசத் திருமேனிகளின் நிழற்படங்களை அவரிடம் காட்டினார். ரொடான் இந்தியாவுக்கு வந்தவரல்லர். அப்படங்களை வைத்துக்கொண்டே 1913 இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்தபின் 1921 இல் அது அச்சேறியது. அவர் ஒரே படத்தை நோக்கவில்லை. முன்புறம், பக்கவாட்டு, முகம், கை, கால் என்று வேறு வேறு கோணங்களில் எடுத்த படங்களை நோக்கினார். கோயிலிலே நாம் கூத்தப்பெருமானை முன்னின்று, அதுவும் மாலைக்கும் பட்டுக்கும் நடுவே, முகமும் தூக்கிய திருவடியுமாகவே தரிசிக்கின்றோம். அது தரிசனத்துக்குரிய முறை, அதிற் குறையில்லை. பின்புறம் சென்று முதுகின் வளைவைக் காணக் கமராவுக்கே முடிந்தது. பொலன்னறுவையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலையில் உள்ளன. அங்கே செல்லும் வாலிபர்கள் ஒரு தடவையேனும் பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். ஊன்றிய காலின் முழங்கால் மடிந்திருக்கும் விதத்திலேதான் முழுப் பாரமும் தங்கியிருக்கின்றது. அசையாத வெண்கலத்தில் அசைவைக் காட்டிய நமது சிற்பிகள், நிழற்படக்காரரின் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டவர்கள் என்று சொல்லத் தோன்றுகின்றது.

இலங்கையிலே இக்கேள்வியை முதன்மையாக எடுத்துக்கொண்டவர் லயனல் வென்ட். 1900 ஆம் ஆண்டு கொழும்பிலே பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார், தந்தையார் நீதியரசர். இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் கற்று 1924 இல் திரும்பினார். சட்டத்தை விட்டார், பியானோவை விடவில்லை. 1930களின் தொடக்கத்தில் கமராவை முழு மூச்சோடு கையில் எடுத்தார். ஆங்கிலம் கற்ற கொழும்பார் கண்டி நடனத்தை நாட்டுப்புறத்தாரின் ஆரவாரம் என்று ஒதுக்கியிருந்த காலம் அது. வென்ட்டும் அவர் நண்பர் ஓவியர் ஜோர்ஜ் கீற்றும் அந்த நடனத்தைத் தேடிச் சென்றவர்கள்.

வென்ட்டின் படங்களைப் பார்க்கும்போது அவர் பியானோக்காரர் என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றது. தாளம் தெரிந்தவனுக்கு அடி விழும் கணமும் தெரியும், அடிக்கு முந்திய கணமும் தெரியும். நிலையம் வைத்திருந்தவர்கள் வேடத்தைப் படமெடுத்தனர். வென்ட் உடலின் மேல் விழும் வெயிலைப் படமெடுத்தார். தோளும் முதுகும் வயிற்றுத் தசையும் தாளத்துக்கு விடை சொல்லும் விதமே அவருக்குப் பொருள். இருட்டறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. கழுவும் நடுவே படத்துக்கு மீண்டும் ஒளி காட்டி, உருவத்தின் ஓரங்களைக் கோடாக எழுப்பும் சோலரைசேஷன் என்னும் முறை, பல படங்களை ஒன்றாக்கும் முறை எல்லாவற்றையும் பரீட்சித்தார். 1938 இல் லண்டனில் அவர் படங்களின் தனிக் கண்காட்சி நடைபெற்றது. 1943 இல் நவீன ஓவியரின் ‘43 குழு’ உருவாகியதும் அவர் இல்லத்திலேதான். அடுத்த ஆண்டு டிசம்பரில், 44 ஆவது வயதில் காலமானார்.

அவரோடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஒரு சினிமாப் படம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் 1934 இல் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ அது. பின்னணியில் 1681 ஆம் ஆண்டின் ரொபேர்ட் நொக்ஸ் நூலை வாசிக்கும் குரல் வென்ட்டினுடையது. 1935 இல் பிரசெல்ஸ் நகரப் படவிழாவில் முதற்பரிசு பெற்றது. தேயிலை விற்பதற்காக எடுக்கப்பட்ட படம் கண்டி நடனத்தோடு முடிகின்றது. கமரா ஆட்டக்காரரின் அருகே செல்கின்றது. முழு உருவத்தை விட்டு அங்கமங்கமாக நோக்குகின்றது. வேகம் கூடக் கூடப் படமும் துண்டு துண்டாக வேகங்கொள்கின்றது. அதற்கு முன் ஆட்டத்தை அவ்வளவு நெருங்கிப் பார்த்த படங்கள் சிலவே. நான் இப்படத்தை இருமுறை பார்த்தேன். முதல்முறை வியந்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போது, கொழுந்து பறிக்கும் கைகள் வந்து மறைந்த பின் மனம் அங்கேயே நின்றுவிட்டது. நம்மவர் அப்படத்திலே வேலை செய்கின்றார்கள்; ஆடவில்லை. அவர்களுக்கும் ஆட்டம் உண்டென்று தேயிலைச் சபையாருக்கு யாரும் சொல்லியிரார். பசில் ரைட்டின் மேல் எனக்குக் குறையில்லை. கண்டி நடனத்துக்கு அவரை அழைத்துச் செல்ல வென்ட் போன்ற ஒருவர் இருந்தார், காமன் கூத்துக்கு அழைத்துச் செல்ல ஒருவரும் இருக்கவில்லை.

தமிழகத்திலே இதே காலத்தில் சதிர் பரதநாட்டியமாக மேடையேறிக்கொண்டிருந்தது. அடையாற்றிலே ருக்மிணி தேவி அம்மையார் 1936 இல் நிறுவிய கலாக்ஷேத்திராவில் சி. நாச்சியப்பன் என்பவர் இருந்தார். அச்சுக்கலை வல்லவர், அம்மையாரின் அபிநயங்களையும் நாட்டிய நாடகங்களையும் படங்களாக்கியவர், பிற்காலத்தில் துறவு பூண்டு கோவிலூர் மடத்தின் அதிபதியாகவும் விளங்கினார். கமரா பிடித்த கையில் தண்டம் ஏந்திய பெரியார் வேறொருவர் உண்டோ அறியேன். நாள்தோறும் ஒத்திகையைப் பார்த்த கண் அவருடையது. ஆகவே எந்த முத்திரை எக்கணத்தில் நிறைவு பெறும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். சுனில் ஜானா சாந்தா ராவின் ஆடலைப் படமெடுத்த விதமும் இத்தகையதே. அப்படங்கள் 1979 இல் நூலாக வந்தன. அமெரிக்காவில் பார்பரா மோர்கன் அம்மையார், மார்தா கிரகாமின் ஆட்டங்களைப் பலமுறை பார்த்து, எக்கணம் அந்த ஆட்டத்தின் உயிரென்று மனத்திலே தெளிந்த பின்னரே கமராவைத் தொடுவார். மேடையில் எடுக்காமல், அதற்கென்றே ஆடச் செய்து எடுப்பார். 1941 இல் அவர் வெளியிட்ட நூல் பதினாறு ஆட்டங்களின் படங்களைக் கொண்டது.

இதற்கு நேர் எதிரான வழியிற் சென்றவர் ருஷ்யாவிலிருந்து அகதியாகப் புறப்பட்டு நியூயோர்க்கில் வாழ்ந்த புரொடோவிச். 1935 முதல் 1937 வரை அங்கு வந்த ருஷ்ய நடனக் குழுவினரை, மின்வெட்டு விளக்கு எதுவுமின்றி, மேடையில் இருந்த ஒளியைக் கொண்டே, சிறு கமராவால் மெதுவான வேகத்தில் எடுத்தார். உருவங்கள் கரைந்தன, வெள்ளைப் பாவாடைகள் புகை போலாயின. பிழையென்று பிறர் எறிந்துவிடும் படங்களை அவர் தொகுத்து 1945 இல் நூலாக்கினார். அச்சிட்டவை சில நூறு பிரதிகளே. கமெரன் அம்மையாரின் கலங்கலை நினைவில் வைக்கச் சொன்னேனல்லவா? அவர் முகத்துக்குச் செய்ததை இவர் ஆட்டத்துக்குச் செய்தார். மோர்கன் தேர்ந்தெடுத்த கணத்தைக் காட்டினார். புரொடோவிச் கணங்களுக்கு இடையில் உள்ளதைக் காட்டினார். இரண்டில் எது மேல் என்று நண்பர்களோடு வாதிட்டதுண்டு. மேடை நடனத்துக்கு முன்னவர் வழியும், நமது கூத்துக்குப் பின்னவர் வழியும் ஏற்றன என்பது என் கட்சி.

சத்யஜித் ராய் 1976 இல் பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றி எடுத்த ‘பாலா’ என்னும் படத்தையும் விட்டுவிட மனமில்லை. கடற்கரையிலே அம்மையார் ஆடுகின்றார். காற்று சேலையை இழுக்கின்றது. அறையினுள் எடுத்திருந்தால் காற்றின் தொல்லை இராது. அந்தத் தொல்லையே எனக்குப் பிடித்தது.

இனி நமது காமன் பொட்டலுக்கு வருவோம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றியதும் கம்பம் ஊன்றுகின்றோம். விரதம் காத்த ஆடவரே ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் பூணுகின்றனர். நிறைவு இரவிலே ஈஸ்வரன் தவம் கலைந்து நெற்றிக்கண் திறக்கின்றார், மன்மதன் எரிகின்றான், ரதியின் ஒப்பாரி விடியும் வரை ஒலிக்கின்றது. இந்தக் கூத்துக்கு முன்புறம் என்பது இல்லை. பொட்டலின் நாற்புறமும் சனம். ஆட்டம் கம்பத்தைச் சுற்றுகின்றது. பனியில் தப்பின் தோல் தளர்ந்துவிடுவதால் அடிக்கடி நெருப்பிலே காட்டி முறுக்கேற்றுகின்றனர். அந்த நெருப்பின் ஒளி ஆடுவோரின் கால்களில் கீழிருந்து மேலாக விழுகின்றது. உலகத்து நிலையங்களில் எந்த விளக்கும் அவ்வொளியைத் தராது.

கடந்த சில ஆண்டுகளாக நாம் இதை எவ்வாறு எடுக்கின்றோம்? கையிற் கைத்தொலைபேசி இல்லாத வாலிபர் இல்லை. அனைவரும் ஒரே பக்கத்தில், பெரியவர்களுக்குக் கதிரை போட்ட பக்கத்தில் நிற்கின்றோம். மின்வெட்டு விளக்கை எரியவிட்டு எடுக்கின்றோம். அரிதாரம் பூசிய முகம் வெண்சுண்ணாம்பாகத் தெரிகின்றது. நெருப்பு அணைந்ததுபோல் ஆகிவிடுகின்றது. பின்னால் இருப்பதெல்லாம் கறுப்பு. தபால் அட்டைக்காரர் செய்ததையே நாமும் செய்கின்றோம், அவரைவிட விரைவாக. போன மாசியில் ரதிக்கு ஆடிய ஒருவரிடம் அவர் படங்கள் சிலவற்றைக் காட்டினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வேடம் கட்டியவர். அனைத்தையும் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலே நான் நிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

நான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையில் ‘கூத்து’ என்பது ஒழுங்கீனத்தின் மறுபெயர், வகுப்பிலே சத்தம் கேட்டால் “என்ன கூத்து இது?” என்பார்கள். ஆனால் அங்கேதான் தாவீது அரசன் உடன்படிக்கைப் பெட்டியின் முன் தன்னை மறந்து ஆடிய கதையையும் கற்றேன். சாளரத்தின் வழியே அதைப் பார்த்த மீகாள் அவனை இகழ்ந்தாள். அவள் தெருவிலே கூட்டத்தினுள் நின்றிருந்தால் வேறுவிதமாகக் கண்டிருப்பாள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. கமராவும் சாளரமாகலாம், பொட்டலினுள் நிற்கும் கண்ணுமாகலாம்.

ஆகவே வாலிப நண்பர்களிடம் சில சொல்வேன். விளக்கை அணைத்துவிடுங்கள். கருவியின் வேகத்தை விநாடியின் எட்டில் ஒரு பங்குக்குக் குறைத்து, நண்பன் தோளிலே கையை ஊன்றிக்கொண்டு எடுங்கள். ஊன்றிய கால் தெளிவாகவும் தூக்கிய கால் கரைந்தும் விழும் படம் பத்தில் ஒன்றாவது கிடைக்கும். கதிரைப் பக்கத்தை விட்டுத் தப்பு அடிப்பவர் பின்னே சென்று நில்லுங்கள். அதற்கு முன்பே ஒத்திகைக்குப் போங்கள். பாட்டு எங்கே திரும்புகின்றது, ரதி எந்த அடியில் சுழல்கின்றாள் என்பது தெரியாதவனுக்கு எந்தக் கருவியும் உதவாது. அருள் வந்து ஆடுவோரைப் படமெடுக்கலாகாது என்று பெரியோர் சொல்வதில் எனக்கு உடன்பாடே. அக்கணத்தில் கருவியைப் பையில் போடுங்கள். விரதக் கூத்துக்குக் கமராவே ஆகாது என்று கூறுவோரும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, கமரா ஏற்கெனவே நூறு வடிவில் பொட்டலுக்குள் வந்துவிட்டது. இனிப் பேச வேண்டியது அது எங்கே நிற்பது, எப்போது மூடுவது என்பதைப் பற்றியே.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். அதனால் அவை நமக்குக் கிடைத்தன. ஆட்டத்துக்கு அப்படியொரு திரட்டு இல்லை. பழைய கூத்து வாத்தியார்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். பல தோட்டங்களிலே ஆண்டுதோறும் நடந்தது இடைவிட்டு நடக்கின்றது. தொலைபேசியிலே கிடக்கும் படம் தொலைபேசியோடு போகும். வென்ட் மறைந்தபின் அவருடைய மூலப்படச் சுருள்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் காண்பவை, அவர் தம் கையால் தாளிலே பதித்துவைத்த பிரதிகளால் நிலைத்தவை. ஆகையால் சங்கத்தின் நூலக அலுமாரியில் ஓர் அல்பத்துக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கின்றேன். ஒவ்வொரு மாசியிலும் பத்துப் படங்கள் தாளிலே பதிக்கப்பட்டு அதில் ஒட்டப்படும். ஒவ்வொன்றின் கீழும் ஆடியவர் பெயர், கட்டிய வேடம், தோட்டம், டிவிஷன், ஆண்டு ஆகியன அவர் சம்மதத்தோடு எழுதப்படும். தப்பு அடித்தவரின் பெயரும்.